சுட்டி நடமாட்டப் பதிவேடு

முகவரி மாற்றப் பதிவகத்தில் எனக்குக் கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. அங்கே எழுத்தராக இருந்தவள் என் மனைவி. அவள் இறந்த இரண்டாம் மாதம் கடிதம் வந்தது. அவள் நாற்காலி எனக்கு. ஆறு மாதம் தகுதிகாண் பருவம். முடிவில் இரு திரைத் தேர்ச்சித் தேர்வு. தேறினால் வேலையும் அலுவலகக் குடியிருப்பில் நாங்கள் இருக்கும் இரண்டு அறை வீடும் நிரந்தரம். தேறாவிட்டால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வீடு போனால் மகளும் போவாள். அவளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவளைச் சுட்டி என்றுதான் கூப்பிடுவோம். என் மனைவியின் அக்கா வேறு ஊரில் இருக்கிறார். நல்லவர். ஓர் அறையை ஒழித்து, அதன் சுவரில் பூப்போட்ட காகிதம்கூட ஒட்டிவிட்டார்.

"வேலை நிக்கலன்னா சுட்டி என்கிட்ட இருக்கட்டும் தம்பி. நீங்க எங்கயாவது காலூணிட்டு அப்பறம் கூட்டிட்டுப் போங்க" என்றார் போனில்.

"சரிங்க அண்ணி" என்றேன். மறுக்கத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை.

முதல் நாள். கூடத்தில் நாற்பது மேசைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு திரைகள். ஒரு திரையில் விண்ணப்பதாரரின் பழைய முகவரி வரும், மற்றதில் புதியது. எழுத்தர் அதையும் இதையும் ஒப்பிட்டு, புதியதன் கீழே இருக்கும் 'மாற்று' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு ஓர் எழுத்தர் ஆறு பேரை வீடு மாற்றுகிறார். 'நாளொன்றுக்கு ஆறு, நானிலம் போற்றும் பேறு' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது.

நாற்காலியின் உயரம் அவளுக்கு ஏற்றபடி இருந்தது. முழங்கால் மேசையில் இடித்தது. கணினியைப் போட்டதும் திரை அவள் பெயரைச் சொல்லி வணக்கம் கூறியது. என் பெயர் ஏற எட்டு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை கணினிக்கு நான் அவள்தான்.

அம்பு இடது திரையில் நின்றது. பொத்தான் வலது திரையில். மவுஸை வலப்பக்கம் தள்ளினேன். அம்பு இடது திரையின் விளிம்பில் முட்டி நின்றது. இன்னும் தள்ளினேன். மேசை முடிந்துவிட்டது, அம்பு அசையவில்லை.

பக்கத்து மேசையில் இருந்த பெண்மணி எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கூடம் முழுவதும் அவரை அக்கா என்று கூப்பிட்டது.

"வலது பக்கம் போகணுமா தம்பி?"

"ஆமாங்க."

"அப்ப இடது பக்கம் தள்ளு."

தள்ளினேன். அம்பு இடது கோடியில் மறைந்தது. வலது திரையின் வலது கோடியில், கதவிடுக்கில் தலை நீட்டுவதுபோல எட்டிப் பார்த்தது.

"நடுவுல சுவரு. வாசல் ரெண்டும் வெளிப்பக்கம்" என்றார் அக்கா. "ஊரைச் சுத்திட்டுத்தான் பக்கத்து வீட்டுக்குப் போகணும். பழகிடும். உன் வீட்டுக்காரிக்கு மூணு வாரம் ஆச்சு."

"ஏங்க இப்படி?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளையடிச்சாங்க. அடிச்சவரு திரையை எல்லாம் எடுத்து ஓரமா வெச்சாரு. முடிஞ்சதும் திருப்பி வெச்சாரு. இடதை வலதுல, வலதை இடதுல. நாற்பது மேசையிலயும் ஒண்ணுகூடப் பிசகாம. நல்ல வேலைக்காரரு."

கணினிக்கு வெள்ளையடித்தது தெரியாது. அது திரைகள் பழைய இடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் நான் படித்தது வேறு ஏதோ என்றாலும் இது தெரியும். திரை அமைப்பைத் திறந்தேன். இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றைப் பிடித்து மற்றதன் அந்தப் பக்கம் இழுத்து விட்டேன். ஐந்து விநாடி. அம்பு இடது திரையிலிருந்து நேராக வலது திரைக்கு நடந்து போனது. மதியத்துக்குள் முப்பத்தோரு பேரை வீடு மாற்றினேன்.

இரண்டு மணிக்குப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையிலும் இரண்டு திரைகள் இருந்தன. இரண்டும் அணைந்திருந்தன. ஒன்றின்மேல் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"முப்பத்தொண்ணு" என்றார். "உங்களுக்கு இங்க யார் மேலயாவது கோவமா?"

"இல்லீங்க ஐயா."

"அக்கா மூணு வருஷமா ஆறு பேரத்தான் மாத்தறாங்க. நீங்க வந்த அன்னிக்கே முப்பத்தொண்ணுன்னா, அவங்க இத்தன நாள் என்ன பண்ணாங்கன்னு மேல கேப்பாங்க. அப்பறம் நான் என்ன பண்ணேன்னு கேப்பாங்க. அதுக்கு மேல ஒருத்தர் இருக்காரு, அவர் என்ன பண்ணார்னு கேக்க ஆளில்ல. ஆனா அவரே கேட்டுக்குவாரு. மனுஷன் பாவம், தூங்க மாட்டாரு."

"அம்பு நேரா போனதால சீக்கிரம் முடிஞ்சுதுங்க ஐயா."

"அதைத்தான் நானும் சொல்றேன். முப்பத்தொன்பது பேர் சுத்திப் போறாங்க. நீங்க ஒருத்தர் நேரா போறீங்க. இதுல யார் கோணல்? நீங்களே சொல்லுங்க."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதைப் பத்திக் குழு போட்டாச்சு. பதினாலு தடவ உக்காந்தாங்க. நானும் இருந்தேன். ரெண்டு வழிதான். ஒண்ணு, திரையைத் தூக்கி மாத்தி வைக்கிறது. ஒவ்வொரு திரையிலயும் இடது, வலதுன்னு வில்லை ஒட்டியிருக்கு. சொத்துப் பதிவேட்டுல அது எந்த இடத்துல இருக்குன்னு போன வருஷம்தான் புதுசா எழுதியிருக்கு. அதைத் திருத்தணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும். ஒருத்தர் ஓய்வு பெற்றுட்டாரு. ரெண்டாவது வழி, மனுஷங்களத் திருத்தறது. அதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்."

"கணினிக்குள்ளயே மாத்திடலாமே ஐயா? அஞ்சு செகண்டு."

"கணினிக்குள்ள நடக்கறதெல்லாம் கணினிப் பிரிவு. அவங்க வேற கட்டடம்" என்றார் பிரிவுத் தலைவர். வேறு மதம் என்பதுபோல ஒலித்தது.

திரும்பி வந்து, இழுத்த கட்டத்தை மறுபடியும் பழைய பக்கத்தில் இழுத்து விட்டேன். அதற்கும் ஐந்து விநாடிதான் ஆயிற்று.

தண்டனையும் உண்டு. நான் காலையில் பதிவேடு எழுதவில்லை. சுட்டி நடமாட்டப் பதிவேடு என்பது தடித்த நீளமான நோட்டு. ஐந்து கட்டங்கள்: நேரம், புறப்பட்ட திரை, சேர்ந்த திரை, காரணம், கையொப்பம். அம்பு திரை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுத வேண்டும். அம்பு என்ற சொல் வன்முறையைத் தூண்டும் என்று கருதிய சொல்லாக்கக் குழு, மவுஸுக்கும் அம்புக்கும் சேர்த்துச் சுட்டி என்ற ஒரே சொல்லைச் சிக்கனமாக வழங்கியிருந்தது. ஒரு விண்ணப்பத்துக்குச் சுட்டி இருபது முறையாவது திரை மாறும். ஒரு நாளைக்கு ஏன் ஆறு பேர்தான் வீடு மாறுகிறார்கள் என்பது புரிந்தது.

எழுதாமல் விட்ட அறுநூற்றுச் சொச்சம் நடமாட்டங்களையும் நினைவிலிருந்து எழுதித் தரச் சொன்னார்கள். மாதிரிக்கு என் மேசையின் பழைய பதிவேடுகளைக் கொடுத்தார்கள். பதினோரு நோட்டுகள். அவள் கையெழுத்து.

காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் 'பொத்தானை அழுத்த' என்று எழுதுவார்கள். முதல் நோட்டில் அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். இரண்டாம் நோட்டின் நடுவில் அது 'மறுபடியும் பொத்தானை அழுத்த' என்று மாறியது. அப்புறம், 'வேறு வழியில்லாமல்'. 'அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க'. 'ஒன்றும் இல்லை, திரும்பி வர'. 'பக்கத்து மேசை அக்கா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்'. 'காலையில் வீட்டுக்காரரோடு சண்டை'. 'மதியம் போனில் சமாதானம்'. ஒவ்வொரு வரிக்கு எதிரேயும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையும் பிரிவுத் தலைவரின் கையொப்பமும் இருந்தன.

அந்தச் சண்டை எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. ஆனால் நடந்தது உண்மைதான். அலுவலகம் சரிபார்த்திருக்கிறது.

கடைசி நோட்டின் கடைசி வரியில் 'பொத்தானை அழுத்த' என்று மட்டும் இருந்தது. அன்று தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள்.

நான் அறுநூற்றுச் சொச்சம் வரிகளையும் எழுதிக் கொடுத்தேன். சரிபார்க்கப்பட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு. தகுதிகாண் பருவத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். பயிற்றுநர் "வலது கை!" என்பார், நாங்கள் இடது கையைத் தூக்குவோம். "இடது கை!" என்பார், வலது கையைத் தூக்குவோம். ஒரு முறை அவர் "எல்லாரும் எழுந்து போகலாம்" என்றார். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். மிகவும் மகிழ்ந்து போனார்.

தேர்வில் அரை மணி நேரத்தில் சுட்டியை இருபது முறை திரை மாற்ற வேண்டும். இருபதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு முறைகூட நடுச் சுவரில் முட்டக்கூடாது. மூன்று மாதிரித் தேர்வு எழுதினேன். மூன்றிலும் முட்டினேன். வலது பக்கம் போக வேண்டும் என்று நினைத்தால் என் கை வலது பக்கம் போனது.

"படிச்ச கையி" என்றார் பயிற்றுநர் வருத்தத்தோடு. "நேராத்தான் போகும். ஒண்ணும் பண்ண முடியாது."

சுட்டி அடிக்கடி காணாமலும் போகும். இரண்டு திரையில் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாது. அதற்குப் படிவம் ஒன்பது, 'காணாமற்போன சுட்டி அறிக்கை'. அதை நிரப்பினால் சுட்டி தேடுநர் வருவார். அது தனிப் பதவி. வந்து, கண்ணாடியைத் துடைத்து, மவுஸைப் பிடித்து ஆட்டுவார். இளநிலைத் தேடுநர் பக்கவாட்டில் மட்டும் ஆட்டலாம். முதுநிலை ஆனால் மேலும் கீழும் ஆட்டலாம். எங்கள் கூடத்துத் தேடுநர் இளநிலை. மேல் மூலையில் போய்ச் சிக்கிய சுட்டிகளுக்கு அடுத்த மாடியிலிருந்து ஆள் வர வேண்டும்.

நான்காம் மாதம் பதிவகத்தின் இயக்குநர் எங்கேயோ மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்த மறுவாரம் ஒவ்வொரு மேசையிலும் மூன்றாவதாக ஒரு திரை முளைத்தது. அது எங்களைப் பார்த்து இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, எதிரே காத்திருக்கும் மக்களைப் பார்த்து இருந்தது. அதன் பெயர் வெளிப்படைத் திரை.

இயக்குநர் கூடத்தின் நடுவில் நின்று பேசினார்.

"மக்கள் என்ன கேக்கறாங்க? உள்ள என்னதான் நடக்குதுன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. நானே பல தடவ கேட்டிருக்கேன். யாரும் சொல்லல. இனிமே இந்தத் திரை சொல்லும். நமக்குத் தெரிஞ்சத மக்களுக்குக் காட்டறது சாதாரண நிர்வாகம். நமக்கே தெரியாதத மக்களுக்குக் காட்டறதுதான் வெளிப்படைத்தன்மை!"

கைதட்டினோம். நான் ஒரு கணம் பிந்தினேன். வலது கையை எதிலே தட்டுவது என்று குழப்பம்.

மூன்றாவது திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அது தலைக்கு மேலே இருப்பதாகக் கணினி தானாக முடிவு செய்துகொண்டது. அதனால் மவுஸை இம்மி மேலே தள்ளினாலும் சுட்டி எங்கள் இரண்டு திரைகளையும் விட்டுவிட்டு மக்களிடம் போய்விடும். எழுந்து, மேசைகளைச் சுற்றி, கதவு வழியாக அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கம் போக டோக்கன் எடுக்க வேண்டும்.

ஒரு நாள் மகளின் பள்ளிக்குப் பாதி நாளில் விடுமுறை விட்டார்கள். அவளை அலுவலகத்துக்குக் கூட்டி வந்து, மேசைக்குக் கீழே உட்காரவைத்து, பழைய படிவங்களின் பின்பக்கம் படம் வரையச் சொன்னேன். ஒரு விண்ணப்பம் முடித்துக் குனிந்து பார்த்தேன். பென்சில் இருந்தது, அவள் இல்லை.

"சுட்டி காணோம்!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

கூடத்தில் ஒருவரும் தலை தூக்கவில்லை. தேடுநர் படிவம் ஒன்பதோடு நிதானமாக வந்தார்.

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"இங்கதாங்க, கால்கிட்ட."

"கீழ் ஓரம்" என்று எழுதிக்கொண்டார். "நின்னுச்சா, நகந்துச்சா?"

"படம் வரஞ்சிட்டிருந்துச்சுங்க!"

பேனா நின்றது. "படமா? நம்ம சுட்டிக்குப் படம் வரைய அனுமதி இல்லையே. அது விளையாட்டு மென்பொருள்ல வருது."

"ஐயோ, என் பொண்ணுங்க! அஞ்சு வயசு!"

"சொந்தச் சுட்டியா?" தேடுநர் படிவத்தை மடித்தார். "சொந்தச் சுட்டிய உள்ள கொண்டு வரணும்னா முன்அனுமதி வாங்கியிருக்கணுமே தம்பி."

அக்காதான் முதலில் எழுந்தார். "யோவ், புள்ளையக் காணோம்கறான், படிவத்த மடிக்கறே நீ?" என்று அவரை ஒதுக்கிவிட்டு மேசைகளுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நான் டோக்கன் எடுக்காமல் கதவைத் தாண்டி ஓடினேன்.

மக்கள் பக்கத்துப் பெஞ்சில் அவள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலையிலிருந்து காத்திருக்கும் ஒருவர். இருவரும் அக்காவின் வெளிப்படைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, இங்க பாரேன். அம்பு வெளிய வந்து ஒளிஞ்சிக்குது. உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது. மாமாவுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நான் வீடு மாறி மூணு வருஷம் ஆச்சுங்க" என்றார் அவர், நான் கேட்காமலே. "லெட்டர் எல்லாம் இன்னும் பழைய வீட்டுக்குத்தான் போகுது. தினம் போய் வாங்கி வாங்கி, அந்த வீட்டுக்காரங்களே இப்ப என்கிட்ட ஒரு சாவி குடுத்துட்டாங்க. அவங்க ஊருக்குப் போனா நான்தான் செடிக்குத் தண்ணி ஊத்தறேன். பேசாம அங்கயே போயிடலாமான்னு இருக்கு."

மகளைத் தூக்கிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கீழே இறக்கவில்லை. பல மாதங்களில் நான் பயந்தது அதுதான் முதல் முறை. அவளை இடுப்பில் வைத்தபடியே எழுதியதில் அன்று பதிவேட்டில் என் கையெழுத்து கோணலாக இருந்தது. சரிபார்க்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தை விசாரித்த இயக்குநர், சுட்டி காணாமல் போவதற்குக் காரணம் படிவம் ஒன்பதுதான் என்று கண்டுபிடித்தார். படிவம் இருப்பதால்தான் நிரப்புகிறார்கள். அதை அச்சடிப்பதை நிறுத்தினார். மறுமாதம் காணாமற்போன சுட்டிகளின் எண்ணிக்கை பூஜ்யம். வெளிப்படைத் திரையின் வெற்றி என்று தலைமையகத்துக்கு அறிக்கை போனது. பாராட்டுக் கடிதம் வந்தது. காணாமல் போவது நின்றுவிட்டதால் தேடுநர் பதவி ரத்தானது. அவரைக் கதவருகே டோக்கன் கொடுக்கப் போட்டார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் அண்ணி வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய காலிப் பை.

"நான் புடுங்கிட்டுப் போக வரல தம்பி" என்றார் அதைக் கதவுக்குப் பின்னால் வைத்தபடியே. "தேறிட்டீங்கன்னா இந்தப் பையில உங்களுக்கு ஏதாவது வாங்கிப் போட்டுட்டுப் போறேன். தேறலன்னா அவ துணிய எடுத்துக்கறேன். அங்க ஸ்கூல்ல பேசி வெச்சிருக்கேன். இடம் இருக்குன்னாங்க."

"பெரியம்மா வீட்டு ரூமுல பூ இருக்காம்ப்பா" என்றாள் மகள். "நீயும் வருவ இல்ல?"

"அவர் அப்பறம் வருவாருடி."

"அப்பறம்னா?"

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறந்தது. "அனுப்ப எனக்கு இஷ்டமில்ல அண்ணி" என்றேன். ஆறு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது.

அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியும் தம்பி. ஆனா வீடு இல்லாம என்ன பண்ணுவீங்க? அவள எங்க வெச்சுக்குவீங்க?"

இரவு உணவுக்குப் பிறகு தட்டை மவுஸ்போல வைத்து இடது பக்கம் தள்ளிப் பழகினேன். கை வலது பக்கமே போனது.

தேர்வு நாளில் மக்களுக்கு அலுவலகம் இல்லை. தலைமையகத்திலிருந்து தலைமைத் தேர்வாளர் வந்திருந்தார். அறுபதை நெருங்கும் பெண்மணி, கையில் விதிப்புத்தகம். முதல் மேசையில் உட்கார்ந்தார். இயக்குநரும் பிரிவுத் தலைவரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். தேர்வு எழுதும் நால்வரும் எதிரே, மக்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். பட்டியலில் என் பெயர்தான் முதல்.

தேர்வாளர் 'தேர்வைத் தொடங்கு' என்ற பொத்தானை அழுத்தித் தேர்வைத் திறந்து வைக்க வேண்டும். மவுஸை வலது பக்கம் தள்ளினார்.

"முட்டுது" என்றார்.

"இடது பக்கம் தள்ளணுங்க அம்மா" என்றார் இயக்குநர். "அது நம்ம அலுவலகத்தோட தனிச்சிறப்பு."

இடது பக்கம் தள்ளினார். வேகமாகத் தள்ளினார். பிறகு மேலே தள்ளினார்.

அம்பு எனக்கு நேர் எதிரே வந்து நின்றது. வெளிப்படைத் திரையின் நட்ட நடுவில், இரண்டு கை தூரத்தில், வெள்ளை வெளேரென்று.

"எங்க போச்சு?" என்றார் தேர்வாளர்.

மவுஸை ஆட்டினார். என் எதிரே அம்பு ஆடியது. இன்னும் வேகமாக ஆட்டினார். அம்பு திரை முழுவதும் பறந்து, களைத்து, மேலே ஒரு மூலையில் போய் உட்கார்ந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் உதடு அசையாமல் கேட்டார்.

"தெரியுதா?"

"எது?"

"அதுதான்."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல" என்றார்.

இயக்குநருக்கும் தெரியும். வெளிப்படைத் திரையின் முதுகை ஒரு முறை பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். காணாமற்போன சுட்டிகள் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். பிரிவுத் தலைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். கதவருகே முன்னாள் தேடுநர் நின்று அம்பையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பது இப்போது அவர் வேலை இல்லை.

அரை மணி நேரம் போனது. தேர்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"விதி பதினேழு. சுட்டி கிடைக்காம தேர்வைத் தொடங்க முடியாது. தேர்வு நடக்காம யாரையும் தேறலன்னு சொல்ல முடியாது. அதனால சுட்டி கிடைக்கற வரைக்கும் இவங்க நாலு பேரும் வேலையிலயும் குடியிருப்பிலயும் இருக்கறபடியே இருக்கணும். கிடைச்சிட்டா இப்பவே நடத்திடலாம்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்களே. முதல் ஆளு, உங்களத்தான். உங்க கண்ணுக்கு ஏதாவது படுதா?"

எழுந்து நின்றேன். இயக்குநர் என்னைப் பார்த்தார். கையை நீட்டிக் காட்டினால் போதும். ஐந்து விநாடி. பிறகு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வலது பக்கம் போக வலது பக்கம் தள்ளி, சுவரில் முட்டுவேன். சாயங்காலம் பை நிறையும்.

"இல்லீங்க அம்மா."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

நல்லாப் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியலீங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். தேதி போட்டேன். இயக்குநர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "தெளிவான கையெழுத்து" என்றார்.

அண்ணி அன்று மாலையே கிளம்பினார். நடந்ததை நான் சொல்ல, முழுவதும் கேட்டார்.

"அப்ப எப்பதான் பரீட்ச வெப்பாங்க?"

"கிடைச்ச பிறகு."

"உங்க ஆபீசுல ஒருத்தருக்குக்கூடவா கண்ணு இல்ல?"

"எல்லாருக்கும் இருக்குங்க அண்ணி."

அவர் பையை நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மகள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

மறுவாரம் சுட்டி மீட்புக் குழு அமைக்கப்பட்டது. தேர்வு மேசைக்கு உறை போட்டு மூடி, வெளிப்படைத் திரையையும் சேர்த்து மூடி, முத்திரை வைத்தார்கள். எழுத்துமூலம் சாட்சி சொன்ன ஒரே ஆள் என்பதால் என்னை உறுப்பினர் செயலர் ஆக்கினார்கள். முதல் கூட்டத்தில் இயக்குநர், எங்கிருந்து தேடத் தொடங்கலாம் என்று என் யோசனையைக் கேட்டார். இடது திரையின் மேல் மூலையிலிருந்து ஆரம்பிக்கலாம், மாதத்துக்கு ஒரு விரற்கடை வீதம், அவசரப்பட்டால் தவறிவிடும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எத்தனை காலம் பிடிக்கும் என்று பிரிவுத் தலைவர் கேட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பள்ளிப் படிப்பு முடிய இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.

"பன்னிரண்டு வருஷம் ஆகுங்க ஐயா" என்றேன்.

சரிபார்க்கப்பட்டது.